சுமிரேயின் வாணம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறவளுக்கு அந்த ஒரு நிதானமாவது வேண்டும். அன்றைக்கு ஆற்றங்கரையில் கையில் கத்தரிக்கோல் இல்லை. இருந்திருந்தால் என் தம்பி கத்சுயாவின் காதுக்கு நான் பொறுப்பில்லை.

விஷயம் இதுதான். எங்கள் மிசுசே ஊரில் ஆகஸ்ட் மாதத்து ஆற்றுத் திருவிழாவில் வாணம் விடுவார்கள். எல்லா ஊரிலும்தான் விடுகிறார்கள், ஆனால் எங்கள் ஊரில் ஒவ்வொரு வாணத்துக்கும் ஒரு வீடு உண்டு. பிள்ளை பிறந்தால் பிள்ளை பெயரில் ஒன்று, அறுபது நிறைந்தவருக்கு ஒன்று, போய்ச் சேர்ந்தவருக்கு ஒன்று என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். ஒலிபெருக்கியில் பெயரைப் படிப்பார்கள். வாணம் ஏறும், விரியும், அணையும். நாலு மூச்சு விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நாலு மூச்சைப் படம் பிடித்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டாத வீடு எங்கள் ஊரில் கிடையாது.

என் தம்பி வீட்டில் கிடையாது. கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டு ஓர் ஆணி மட்டும் அடித்து வைத்தான். பன்னிரண்டு வருஷம் அந்த ஆணியில் அரிசி பிஸ்கட் கம்பெனிக் காலண்டர்தான் தொங்கியது. அவன் வேலை பார்க்கும் கம்பெனி. அவன் பெண்டாட்டி மினோரி ஒவ்வொரு ஜனவரியிலும் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவாள். இந்த ஏப்ரலில் சுமிரே பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுத அழுகையில் நர்ஸ் ஓடி வந்து, "உங்களுக்கு எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டாள்.

சுமிரே என்றால் ஊதாப்பூ. அதனால் பொன்னிறமாக விரிந்து ஓரமெல்லாம் ஊதாவாக முடிகிற ஒரு பெரிய வாணம் சொல்லி வைத்தார்கள். படம் யார் எடுப்பது என்பதில்தான் பேச்சு வந்தது.

"முரோய் அண்ணன்கிட்ட சொல்லிடலாமா அண்ணி?" என்று மினோரி மெதுவாகக் கேட்டாள்.

முரோய் எங்கள் ஊர் போட்டோ கடைக்காரர், புகைப்படச் சங்கத்தின் தலைவர். போன வருஷம் வரை நானும் அந்தச் சங்கத்தில்தான் இருந்தேன். திருவிழா முடிந்ததும் எல்லோரும் படங்களைக் கொண்டுவந்து காட்டுகிற கூட்டத்தில் என் வாணப் படத்தைப் பார்த்தார். உள்ளபடியே அது வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரிதான் இருந்தது. லென்ஸின் வளையத்தைத் தூரப் பக்கமாகக் கடைசி வரை திருப்பிவிட்டால் தூரத்தில் இருப்பது தெளிவாக விழும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வானம் வந்துவிடுகிறது என்று யார் கண்டது? முரோய் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்.

"மசுமி, வாணத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருச்சும்மா உன் போகஸ். நிலாவுல யாராச்சும் உக்காந்திருந்தா ரொம்பத் தெளிவா விழுந்திருப்பாங்க."

இருபது பேர் சிரித்தார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்த பையன்கூடச் சிரித்தான். "உங்க கடையில எடுத்த பாஸ்போர்ட் போட்டோவுல எனக்கு மூக்கு ரெண்டா தெரியுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தவள்தான். அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. என் போனில் அவர் பெயரை 'எடுக்காதே' என்று மாற்றி வைத்தேன்.

ஆகவே மினோரி அப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. "ஏன், அத்தைக்காரி நான் செத்தா போயிட்டேன்?" என்றேன். மினோரி நல்லவள். இருந்தாலும் அவள் கண் அந்த ஆணிப் பக்கம் ஒருமுறை போய்விட்டு வந்ததைப் பார்த்தேன். "ஒரே ஒரு வாணம்தானே அண்ணி, அதான்," என்றாள். "ஒண்ணு போதும். அந்தச் சுவத்துல படம் தொங்கலைன்னா என் பேரு மசுமி இல்லை," என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே. புது லென்ஸ் வாங்கினேன். கடை சாத்தியதும் பாலத்துக்குப் போய், தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்துப் பழகினேன். சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. இருட்டில் கேமராவைத் தானாகப் போகஸ் செய்ய விட்டால் அது குருடன் மாதிரித் தடவும். அதனால் அதை அணைத்துவிட வேண்டும். தூரத்து விளக்கு ஒன்றைக் கேமராவின் சின்னத் திரையில் முடிந்த அளவு பெரிதாக்கிக்கொண்டு வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். முதலில் விளக்கு பூசணிக்காயாக உப்பியிருக்கும். திருப்பத் திருப்பச் சிறுத்து எள்ளுப்போல ஆகும். அங்கேயே நிறுத்தத் தோன்றும், நிறுத்தக் கூடாது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி உப்ப ஆரம்பிக்கும். அப்போதுதான் எள் எங்கே இருந்தது என்று தெரியும், திரும்பி அங்கேயே வரலாம். வந்ததும் வளையம் நகராதபடி டேப் ஒட்டிவிட வேண்டும். என் கடையில் நெற்றி முடியை நேராக வெட்டுவதற்கு ஒட்டுகிற காகித டேப் இருக்கிறது. பிரித்தால் ஒட்டிய சுவடே தெரியாது, அதனால் அதைத்தான் வைத்துக்கொண்டேன்.

திருவிழாவன்று காலையிலேயே கத்சுயா கரைக்குப் போய்ப் படகுத்துறை அருகே நீலத் தார்ப்பாயை விரித்து இடம் பிடித்துவிட்டான். நாலு மூலையும் ஒரே அளவில் இழுத்து, செருப்புகளை வரிசையாக வைத்து, கொசுவத்தியைக் காற்றுக்கு எதிராக வைத்து, எல்லாம் கனகச்சிதம். அவன் அப்படித்தான். கம்பெனியில் பொட்டலங்களைப் பார்வையிடுகிற வேலை. ஒட்டுச்சீட்டு கோணலாக இருந்தாலும், எங்கேயாவது ஒரு துண்டு டேப் அநாவசியமாக ஒட்டியிருந்தாலும் அவனுக்குக் கை அரிக்கும். பார்த்துப் பார்த்து வளர்த்த தம்பி, இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேமராவை அவனிடம் விட்டுவிட்டுப் போனேன்.

வெளிச்சம் இருக்கும்போதே கேமரா நிற்கிற முக்காலியை நட்டேன். அந்தி மங்கியதும் பாலத்து விளக்குகள் எரிந்தன. கடைசி விளக்கைப் பிடித்து, எள்ளாக்கி, தாண்டி, திரும்பி வந்து, டேப் ஒட்டினேன். ஒரு தடவை படம் எடுத்தும் பார்த்தேன். விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த கொக்கின் கால்கூடத் தெரிந்தது. திருப்தியாகச் சோற்றுருண்டை ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, கழிப்பறை வரிசையில் நிற்கப் போனேன். வாண நாளில் அந்த வரிசையில் நிற்பதற்குப் பதில் வீட்டுக்கே போய்விட்டு வரலாம்.

திரும்பி வரும்போது பாலத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள். வாணம் முடிகிற வரை எங்கள் ஊரில் பாலத்தில் விளக்கு கிடையாது. முதல் வாணங்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஆற்று நடுவில் இருக்கிற மணல்திட்டிலிருந்து விடுவார்கள். இந்தக் கரையில் பாதி ஊர், எதிர்க்கரையில் மீதி ஊர். சுமிரே அப்பா மடியில் உட்கார்ந்து அவன் சட்டைக் கையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

கை பழகட்டும் என்று சாராயம் காய்ச்சும் கம்பெனிக்காரர்களின் வாணத்தை எடுத்தேன். திரையைப் பார்த்தேன்.

முட்டைக்கோஸ்.

வளையத்தைத் தடவிப் பார்த்தேன். டேப்பைக் காணோம்.

"இங்க ஒரு டேப் ஒட்டியிருந்தேனே, எங்கடா?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அதுவாக்கா?" என்று கத்சுயா சந்தோஷமாகச் சொன்னான். "புது லென்ஸுல கடைக்காரன் ஒட்டினதை நீ எடுக்க மறந்துட்டேன்னு நினைச்சேன். நானே பிரிச்சுட்டேன். பிசுபிசுன்னு இருக்கப்போகுதுன்னு ஈரத்துணியால சுத்திச் சுத்தித் துடைச்சேன். இந்தா." டேப்பை நாலாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தான்.

சுத்திச் சுத்தி. அந்தப் புது லென்ஸில் வளையத்துக்கு முனையே கிடையாது, குறியும் கிடையாது. எவ்வளவு துடைத்தாலும் அவ்வளவும் சுற்றும்.

"கத்சுயா," என்றேன். "எந்திரி. பாப்பாவை மினோரிகிட்ட குடு. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நில்லு. நான் சொல்ற வரைக்கும் அந்தக் கை முன்னால வரக் கூடாது."

ஏன் என்று கேட்காமல் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாற்பத்து நாலு வயது ஆள். எனக்கு அவன் மேல் கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தது.

வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். எதைப் பார்த்து நிறுத்துவது? பாலம் இருட்டு. வானத்தில் மேகம், நிலாவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கடைகளின் விளக்கெல்லாம் எங்கள் முதுகுப் பக்கம் மேட்டுக்குப் பின்னால். தானாகப் போகஸ் செய்யச் சொல்லிப் பார்த்தேன், அது கர் கர் என்று முன்னும் பின்னும் ஓடியதோடு சரி. வாணத்தையே பிடித்துப் பார்க்கலாம் என்றால், நான் பெரிதாக்கி முடிப்பதற்குள் அது புகையாகிவிடுகிறது.

"அண்ணி, என்னாச்சு?" என்று மினோரி கேட்டாள். அவள் குரலிலேயே தெரிந்தது, அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "பரவாயில்ல அண்ணி. கண்ணால பார்த்துக்கிட்டா போதும்," என்றாள்.

அந்தப் 'பரவாயில்ல'தான் என்னை உலுக்கியது. பன்னிரண்டு வருஷமாக அவள் எல்லோரிடமும் சொல்லி வந்த வார்த்தை அது. இன்னொரு தடவை என்னால் அவள் சொல்ல வேண்டுமா?

"உன் கையில இருக்கிற வாண வரிசைச் சீட்டைப் பாரு. நமக்கு முன்னாடி எத்தனை பேர்?" என்றேன்.

"பழைய வாத்தியார்மார், அப்புறம் மீன்பிடி சங்கம். அதுக்கப்புறம் நாமதான்."

போனை எடுத்தேன். 'எடுக்காதே'யை அழுத்தினேன். எங்கள் ஊர்ப் புகைப்படச் சங்கக்காரர்கள் வருஷா வருஷம் எதிர்க்கரையில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேதான் நிற்பார்கள், எனக்கு நேர் எதிரே.

"என்னம்மா, கை தவறி அழுத்திட்டியா?" என்றார் முரோய்.

"அண்ணே, திட்டறதை நாளைக்கு வந்து வாங்கிக்கறேன். டார்ச் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"படகுத்துறை பக்கமா என்னைப் பார்த்துக் காட்டுங்க. போகஸ் போச்சு. அடுத்தது வாத்தியார்மார், அப்புறம் மீன்காரங்க, அப்புறம் எங்க பாப்பா."

சிரிக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கத்சுயா பொண்ணுக்கா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார். "டேய், எல்லாரும் வெளிச்சம் காட்டுங்கடா, படகுத்துறைப் பக்கம். சீக்கிரம்."

தொட்டிக்குக் கீழே ஒரு வெளிச்சம் வந்தது. பக்கத்திலேயே இன்னும் ஏழெட்டு. திரையில் பெரிதாக்கினேன். பூசணிக்காய்கள். இத்தனை அழகான பூசணிக்காயை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

வளையத்தில் விரலை வைத்தேன். அதற்குள் அந்த எழவு நடந்தது.

எங்கள் ஊரில் வாணம் எல்லாம் முடிந்ததும், கரையில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு வெளிச்சத்தைத் தூக்கி ஆட்டுவார்கள். மணல்திட்டில் வேர்த்துக் கருகி நிற்கிற வாணக்காரர்களுக்கு நன்றி சொல்கிற வழக்கம் அது. அவர்களும் பதிலுக்குச் சிவப்புத் தீவட்டி ஆட்டுவார்கள். வாத்தியார்களின் வாணம் அணைந்த இருட்டில், எதிர்க்கரையில் எட்டு வெளிச்சம் தெரிந்ததும், பக்கத்துத் தார்ப்பாய்க்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அட, முடிந்துவிட்டதா, நாம்தான் கவனிக்கவில்லையா என்று அவசர அவசரமாகப் போனைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். மரியாதையில் பிந்திவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கரை முழுக்க எரிந்தது, அப்புறம் எங்கள் கரையும். மணல்திட்டில் வாணக்காரர்கள் ஒன்றும் புரியாமல், பழக்க தோஷத்தில், சிவப்புத் தீவட்டியைத் தூக்கி ஆட்டினார்கள்.

ஒலிபெருக்கியில் ஊராட்சி அலுவலகத்துப் பெண் திணறினாள். "மிசுசே மக்களே, இன்னும் முடியலைங்க. தயவு செஞ்சு கேளுங்க, இன்னும் நிறைய பாக்கி இருக்கு." யார் கேட்டார்கள்? அவசரத்தில் மீன்பிடி சங்கத்து வாணமும் ஏறிவிட்டது. கைதட்டல் வேறு.

என் திரையில் ஆயிரம் வெளிச்சம் கும்மாளம் போட்டன. ஒன்றாவது நின்றால்தானே எள்ளாக்க முடியும்?

"அண்ணே," என்று போனில் கத்தினேன். "இதுல நீங்க எது?"

"ஆடாம நிக்கிறது நான்."

தேடினேன். இருந்தது. அத்தனை ஆட்டத்துக்கும் நடுவில் ஒன்றே ஒன்று, அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது.

"ஆடாதீங்க அண்ணே. தயவு செஞ்சு ஆடாதீங்க."

"ஆடலைம்மா. உன் வேலையைப் பாரு."

பூசணி, எலுமிச்சை, பட்டாணி, எள். தாண்டினேன், உப்பியது. திரும்பினேன். எள். கையை எடுத்தேன், மூச்சையும் சேர்த்து நிறுத்தினேன். டேப் ஒட்ட நேரமில்லை. கத்சுயாவைத் திரும்பிப் பார்த்தேன், கட்டிய கை கட்டியபடி நின்றான்.

ஒலிபெருக்கிப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது போலிருந்தது. "சரிங்க, தூக்கினது தூக்கிட்டீங்க. அப்படியே வச்சுக்கங்க," என்றாள். "அடுத்த வாணம் கத்சுயா, மினோரி வீட்டுக்கு. பன்னெண்டு வருஷத்துக்கு அப்புறம் வந்திருக்கிற சுமிரே பாப்பாவுக்கு. நம்ம ஊருக்கு வந்ததுக்கு நன்றி பாப்பா."

கரை முழுக்க ஓவென்றது. ஆட்டம் இரண்டு மடங்கானது. விர்ரென்ற சத்தம் கேட்டதும் ஷட்டரைத் திறந்தேன். பொன்னாக விரிந்து, மெல்ல வழிந்து, ஓரமெல்லாம் ஊதாவாகி, ஆற்றைத் தொடுகிற மாதிரி இறங்கி அணைந்தது. அப்புறம்தான் மூடினேன். திரையைப் பெரிதாக்கினேன். ஒவ்வோர் இழையும் சீப்பால் வாரிவிட்ட மாதிரித் தனித்தனியாக இருந்தது.

"விழுந்துச்சா அண்ணி?" என்று மினோரி கேட்டாள்.

திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவள் குழந்தையையும் என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கத்சுயா தேம்பிக்கொண்டிருந்தான். மூக்கு ஒழுகித் தாடை வரைக்கும் வந்துவிட்டது, கையை மட்டும் முன்னால் கொண்டுவரவில்லை.

"துடைச்சுக்கடா," என்றேன். "இப்ப துடைச்சுக்கலாம்."

மறுநாள் திட்டு வாங்க முரோய் கடைக்குப் போனேன். படத்தைப் பெரிதாக அச்சுப் போடவும் அவரை விட்டால் ஊரில் வேறு ஆள் இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இந்தத் தடவை நிலாவுல உக்காந்திருக்கிறவங்க தெளிவா விழலைம்மா," என்றார்.

இந்த வயதில் ஒருவர் பாராட்டியதற்கு இத்தனை சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை, பட்டேன். அப்புறம்தான் அவர் வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் அச்சு எந்திரத்தைத் திறப்பதைப் பார்த்தேன்.

"கைக்கு என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல. தோள்ல பிடிச்சுக்கிச்சு."

"உங்க படத்தைக் காட்டுங்க. எங்க பாப்பா வாணம் அந்தக் கரையிலேருந்து எப்படி இருந்துச்சு?"

"நான் எங்க எடுத்தேன்? ஆடாதீங்கன்னு சொன்னே. சரி இனிமே ஆடலாம்னு நீ சொல்லவே இல்லையே," என்றார்.

திருவிழாவுக்குத் திருவிழா ஒரு வாணம் விடாமல் எடுக்கிறவர். "போன் கையிலதானே இருந்துச்சு? அப்பவே கேட்கறதுக்கு என்ன?" என்று சண்டைக்குப் போனேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் சட்டத்துக்குக் காசு வாங்கவில்லை, நானும் அவர் பேத்திக்கு முடி வெட்டக் காசு வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அன்று மாலையே காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் படத்தை மாட்டினோம். மேலே சுமிரேயின் வாணம். கீழே கரை நெடுக, ஊர் ஆட்டிய வெளிச்சமெல்லாம் புழுப்புழுவாக நெளிந்திருந்தன. மினோரி எட்டி நின்று பார்த்துவிட்டு, கிட்டே வந்து பார்த்துவிட்டு, மறுபடி எட்டிப் போனாள். "ஊரே வந்து நின்ன மாதிரி இருக்கு அண்ணி," என்றாள்.

கத்சுயா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, அத்தனை நெளிவுக்கும் நடுவில், வெள்ளையாக உருண்டையாக இருந்த ஒரு புள்ளியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கையைப் பின்னால கட்டுடா," என்றேன். "அது தூசி இல்லை. அது முரோய் அண்ணன்."